புகை டப்பாவும் ஒரு புண்ணியவானும்

போன மாதம் என் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டித் தள்ளிய கார் அது. ஏதோ ஒரு விளக்காவது எரிகிறதே என்று முதலில் சந்தோஷம்தான்.

ஆனால் அந்தக் காரில்தான் என் அப்பாவை – எங்கள் வீட்டில் அவர் நைனா – பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். ஏரியில் காலமெல்லாம் வலை போட்டவருக்கு இப்போது இளைப்பு நோய். பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. வண்டி மக்கர் செய்தால்...?

சென்னையில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏசி அறை, காபி. டை கட்டிய அட்வைசர் கம்ப்யூட்டரில் வந்த ஒரு நம்பரைப் பார்த்தார். அவ்வளவுதான் பரிசோதனை.

"கேட்டலிடிக் கன்வர்ட்டர் போயிடுச்சு சார். மாத்தணும்."

இன்ஜின் கக்கும் நச்சுப் புகையைச் சுத்தம் செய்து வெளியே விடுகிற டப்பா அது. விலை? நான் கார் வாங்கிய விலையில் பாதி. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அங்கே என் வசதிக்கு எட்டியது அது மட்டும்தான்.

பொன்னேரியில் ஒரு மெக்கானிக் சிரித்தார்.

"இன்னாத்துக்கு சார் அம்மாம் செலவு? அத்த கழட்டிட்டு ஒரு பைப்பு வெச்சு வெல்டு அட்ச்சுரலாம். பொகை பின்னாடி தானே போவுது, உனுக்கு இன்னா?"

"சட்டப்படி தப்பாச்சே..."

"ஊர்ல எல்லாம் சட்டப்படியா ஓடுது? எனக்குக் கூலி கூட வாணாம் சார். பழைய டப்பாவ மட்டும் இங்கயே போட்டுட்டுப் போ, குப்பை தானே."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு புண்ணியவானா என்று வியந்து, சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

புகைப் பரிசோதனை? அதுவும் நடந்தது. அங்கே இருந்தவர் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார். இன்ஜினை ஆஃப் பண்ணச் சொன்னார் – சத்தத்தில் போன் பேச முடியவில்லையாம். பாஸ்.

அடுத்த முறை நைனா பின் சீட்டில் ஏறினார். வழியில் திருப்பாலைவனம் நெருங்கும்போதே இருமல்.

"இன்னாடா, வண்டிக்குள்ளவே பொகை வருது?"

"கண்ணாடிய எறக்கிக்க நைனா."

இறக்கினார். இன்னும் மோசம். வெல்டிங்கில் ஓட்டை. முன்னால் ஒரு பஸ் நின்றிருந்தது.

"நிறுத்து. நான் அதுல போறேன்."

போய்விட்டார். பொன்னேரி வரை காலிக் காரை அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நைனாவின் முதுகு தெரிந்தது. ஒருமுறை கூட அவர் திரும்பவில்லை. புகை பின்னாடிதான் போகிறது, சரி. பின்னாடி யாராவது இருப்பார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

அன்று சாயங்காலம் காதர் பாயிடம் வண்டியை விட்டேன். பழவேற்காட்டில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். காருக்கு அடியில் ஊர்ந்து போய் வந்தார்.

"சென்சார் ஒயரு உப்புக் காத்துல அரிச்சுப் போயிருக்கு சார். அதான் லைட்டு எரிஞ்சுது. டப்பா மேல தப்பே இருக்காது. ஆமா, டப்பா எங்க?"

குப்பை என்று விட்டுவிட்டேன் என்றேன்.

"குப்பையா? உள்ள பிளாட்டினம் பூசியிருப்பான் சார். பழைய இரும்புக்காரங்க தேடி வந்து வாங்குவாங்க."

மறுநாள் காலையிலேயே பொன்னேரிக்கு ஓடினேன். மெக்கானிக்கின் மேஜைக்கு அடியில் ஒரு சாக்கு. அதற்குள் என் டப்பாவோடு இன்னும் நான்கு டப்பாக்கள். புண்ணியம் நிறையச் செய்திருக்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"உனுக்காகத்தான் சார் பத்திரமா வெச்சிருந்தேன்."

காதர் பாய் புது ஒயர் போட்டு, டப்பாவையும் திரும்ப மாட்டினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. மொத்தச் செலவு, மூன்று கிலோ இறால் வாங்குகிற காசு. கம்ப்யூட்டர் ஏன் இதைச் சொல்லவில்லை? அது நம்பரைத்தான் சொன்னது. விலையைச் சொன்னது மனிதர்கள்.

இந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு நைனாவைக் கூப்பிட்டேன். காரை ஒரு சுற்று சுற்றி வந்து, மோந்து பார்த்துவிட்டு, முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

வண்டியை நான்தான் ஓட்டவேண்டும் என்பதால், என்னைப் பின்னாடி உட்காரவைக்க முடியவில்லையே என்பதுதான் அவருக்கு வருத்தம்.