காய்ச்சல் போன பிறகு

ஐம்பத்தேழாம் வருஷம் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்தது. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் நெல் பயிரிட்டுவந்த மணவாளன் வீட்டில் எல்லோரும் படுத்து எழுந்தார்கள். அவன் மனைவி குணசுந்தரி மட்டும் எழுந்தும் எழாதவளாகவே இருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, அலுப்பு விடவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் கைகால் வெலவெலத்தது. எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்லை. திருவள்ளூர் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "உடம்புல ஒண்ணுமில்லம்மா" என்றார். பவானியம்மன் கோயிலில் வேப்பிலையைச் சேலையாகச் சுற்றி, வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தும் ஆயிற்று.

அவள் பங்கு வேலையெல்லாம் கொழுந்தன் மனைவி முத்தம்மாள் தலையில் விழுந்தது. முத்தம்மாளுக்கு அப்போது நிறைமாதம். அவள் மூச்சு வாங்கக் குனிந்து சாணம் அள்ளுவதைப் படுத்தபடி பார்க்கும்போது குணசுந்தரிக்குத் தன் மேலேயே சந்தேகம் வரும். நிஜமாகவே நான் சோம்பேறிதானோ?

புரட்டாசி நடவில் ஒருநாள் உடம்பு லேசாக இருந்தது. பொழுது சாயும்வரை நாற்று நட்டாள். அடுத்தடுத்த நாட்களில் தலையைத் தூக்க முடியவில்லை.

"முந்தாநேத்து நல்லாத்தானே நட்டே? இன்னிக்கு இன்னா வந்துச்சு?" என்றான் மணவாளன்.

அன்று குணசுந்தரிக்குப் பதிலாக முத்தம்மாள் வயலுக்குப் போனாள். வரப்பிலேயே வலி கண்டு, நடவுப் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, அங்கேயே ஆண் குழந்தை பிறந்தது. கட்டைவண்டியில் இருவரையும் கொண்டுவந்து இறக்கியபோது குணசுந்தரி சுவரைப் பிடித்தபடி வந்து அழுதாள்.

"என்னாலதான்டி உனக்கு இந்தக் கதி."

"நீ இன்னாக்கா பண்ணுவே? நானும் பாத்துக்கினுதான் கீறேன். வேலை செய்யற அன்னிக்கு உனக்கு ஒண்ணுமில்ல. அப்பாலதான் அடிச்சிப் போடுது. நெல்லு குத்தினப்பவும் இப்படித்தான். நல்லா கீற நாள்லயும் பாதியோட நிறுத்திடு."

அப்படியே நிறுத்தப் பழகினாள். முடியாதபோது படுப்பதைவிட, இன்னும் கொஞ்சம் முடியும் என்கிறபோது வேலையை விட்டு வருவதுதான் கஷ்டமாக இருந்தது. ஊர்க்கண்கள் முதுகைக் குத்தின. ஆனாலும் நாட்கணக்கில் விழுந்து கிடப்பது குறைந்தது. மணவாளனும் கேட்பதை விட்டுவிட்டான்.

முத்தம்மாள் களையெடுக்கப் போகையில் குழந்தையைக் குணசுந்தரி பக்கத்தில் கிடத்திவிட்டுப் போவாள். படுத்தபடியே அவள் தட்டிக்கொடுப்பாள், கொஞ்சுவாள். மத்தியானம் பால் கொடுக்கச் சேற்றுக்காலோடு தாய் ஓடி வந்தால், குழந்தை பெரியம்மாவின் விரலை விடாமல் சிணுங்கும்.

"போடா, உங்கம்மா பாரு" என்று குணசுந்தரி விரலை உருவிக்கொள்வாள். முத்தம்மாளிடமிருந்து இதையும் எடுத்துக்கொண்டோமே என்று இருக்கும் அவளுக்கு.