தறிக்கூடத்துக் கைபாஷை

மில்லை இழுத்து மூடிய அன்று மத்தியானமே நெட்டச்சி வேலை தேடி ஊரைவிட்டுக் கிளம்பினாள். உறுமிக்கொண்டிருந்த பேருந்தின் மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து, சேர்த்து வைத்த இரண்டு விரல்களைப் பிரித்துக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தட்டினாள். நூல் அறுந்தால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். தறிகளின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அடுத்தடுத்த தறிகளில் நின்ற அவளும், வழியனுப்ப வந்த தோழியும் சமையல், சண்டை, புருஷன்மார் புராணம் எல்லாவற்றையும் கையாலேயே பேசித் தீர்த்தவர்கள்.

அந்தத் தோழிக்கு வீட்டில் லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். இரைச்சலில் பழகிய காது, சின்னக் குரலை நம்பாது.

மற்ற மில்களும் வரிசையாகப் படுத்துவிட்டன. புருஷனுக்கும் பாதி நாள் வேலைதான். துணி டிசைனைக் கம்ப்யூட்டரில் வரையும் இணைய வகுப்பில் மகள் அவளைச் சேர்த்துவிட்டாள். தேறினால் வீட்டிலிருந்தே வேலை. இல்லாவிட்டால் குடும்பத்தை விட்டு நெட்டச்சி போன வழிதான்.

"நீ பேசினா எல்லார் காதும் கிழிஞ்சிடும்மா. மைக்கை ஆஃப் பண்ணிக்கோ," என்றாள் மகள். அதுவே பழக்கமாகிப்போனது.

கடைசித் தேர்வில் ஆசிரியை, வரைந்ததை விளக்கச் சொன்னார். பதற்றத்தில் கை தானாக எழுந்தது. இது நெடுக்கே ஓடும் பாவு, இது குறுக்கே ஓடும் ஊடு, இங்கே நிறம் மாறுகிறது என்று விரல்கள் மளமளவென்று ஒப்பித்தன. மைக் ஆஃபிலேயே கிடந்தது, ஆசிரியையின் திரையில் டிசைன் மட்டும்தான் தெரிந்தது. லைனில் இருக்கிறீர்களா என்று ஆசிரியை கேட்டுக்கொண்டே இருந்ததில் நேரம் தீர்ந்துபோனது.

"வீட்டுல கூரை அதிருது, பேசவேண்டிய எடத்துல மட்டும் வாய்க்குப் பூட்டா?" என்றான் புருஷன்.

அன்று நெட்டச்சிக்குப் போன் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

மறுதேர்வில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். கத்தித்தான் பேசினாள். ஆசிரியை சிரித்தபடி சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். தேறிவிட்டாள், வேலையும் வந்தது.

ஜன்னலோரம் மேஜை, தலைக்குமேல் மின்விசிறி. அந்த அமைதிதான் அவளுக்கு ஒட்டவே இல்லை. ஒரு பூவேலை நன்றாக அமைந்துவிட்டால் இப்போதும் கை, தறியில் நெட்டச்சி நின்ற இடதுபக்கம் சேதி சொல்லப் போகும். அங்கே சுவர்தான் இருக்கும்.

மகளும் வேலைக்குப் போய், வருஷங்கள் ஓடிய பிறகு, தெரியாத எண்ணிலிருந்து ஒரு வீடியோ வந்தது. பழைய மில்காரிகள் யாரிடமோ எண் வாங்கியிருக்க வேண்டும். "இங்கயும் கம்பெனிய மூடிட்டாங்கடி. நீ படிச்ச கிளாஸ்லயே சேந்துட்டேன். ஒண்ணும் புரியல," என்று கீழே எழுதியிருந்தது.

வீடியோவில் சத்தமே இல்லை. தலை நரைத்த நெட்டச்சி, சேர்த்து வைத்த இரண்டு விரல்களைப் பிரித்தாள். பிறகு உள்ளங்கையை அசைத்து, வா என்றாள்.