அண்ணை டொக்டரிடம் சொன்னது

அச்சுவேலிப் பக்கத்து முதியோர் இல்லத்தில் அண்ணை இருந்த காலம் முழுக்க, வெள்ளிக்கிழமை தவறாமல் பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறிப் போவேன். கோயில் திருநீற்றை நெற்றியில் பூசிவிடுவேன். கலியாணம் செய்யாத மனுசன், இருதயமும் பலவீனம். எனக்கு அவர், அவருக்கு நான் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த டொக்டர் வரத் தொடங்கிய பிறகு எனக்கு நெஞ்சு எரிந்தது. கட்டில் ஓரத்தில் இருந்து அரை மணித்தியாலம் கதைப்பார். அண்ணை விழுந்து விழுந்து சிரிப்பார். என்னைக் கண்டால் மட்டும், "பஸ் கிடைச்சதோ?" என்பார். அவ்வளவுதான்.

ஒருநாள், வருத்தம் முற்றினால் என்ன செய்வது என்று டொக்டர் தொடங்கினார். நான் விடவில்லை.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை டொக்டர். உந்தக் கதை வேண்டாம்."

ஒரு செவ்வாய்க்கிழமை போனபோதும் அப்படியே மறித்தேன்.

பிறகு நான் இல்லாத நாளில் அண்ணையும் டொக்டரும் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டார்கள். டொக்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். மூக்கால் குழாய் விடக்கூடாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூடாது. நோவுக்கும் மூச்சுமுட்டுக்கும் இல்லத்திலேயே மருந்து. அண்ணைக்குப் பேச ஏலாமல் போனால் அவருக்காகச் சொல்ல வேண்டியவர், இல்லத்துத் தாதி.

கூடப்பிறந்தவன் நான் இருக்க, நேற்று வந்த ஒரு பிள்ளை!

"என்னட்டை ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ அண்ணை?"

"உனக்கு வெள்ளியும் ஆகாது, செவ்வாயும் ஆகாது. நான் எந்தக் கிழமையெண்டு பாத்துச் சாகிறது?"

"எண்டாலும்..."

"அம்மாவை நீதான் அழுதழுது அம்புலன்சிலை ஏத்தினாய். அவ வழியிலையே போயிட்டா. என்னையும் ஏத்துவாய் தம்பி."

அன்று பிள்ளையாரிடம் போய் முறையிட்டேன், அண்ணை மேல் அல்ல, அந்த டொக்டர் மேல்.

மாசியில் அண்ணைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தாதி முதலில் டொக்டருக்குத்தான் போன் அடித்தாள், பிறகுதான் எனக்கு. நான் ஓடிப்போனபோது டொக்டர் ஊசி போட்டு முடித்திருந்தார். அண்ணையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்டதும் என் கை தானாகப் போனை எடுத்தது.

"அம்புலன்சைக் கூப்பிடுவம் டொக்டர்!"

டொக்டர் தாதியைப் பார்த்தார். அவள் என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் ஐயா. அவர் வேண்டாமெண்டு சொன்னவர்."

போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அழுதேன். மெல்ல மெல்ல மூச்சு ஆறுதலானது. பின்னேரம் அண்ணை நோவில்லாமல் கண்ணை மூடினார்.

அந்தப் பிள்ளை சரியாகத்தான் செய்தாள். கோயிலில் அவளுக்கு ஒரு அர்ச்சனையும் செய்வித்தேன். ஆனாலும் அந்த "வேண்டாம்" என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. அவள் பேரை ஐயரிடம் சொல்லும்போதுகூட எனக்கு எரிந்தது.