ராஜாவுக்கு வைத்த டப்பா

தாராவியில் ஒரே அறையில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் நாய் ராஜாவும் இருக்கிறோம். அவர் ஆபீஸ் விட்டு வந்ததும், "எய்யா ராஜா, சாப்ட்டியாய்யா?" என்று நாயிடம்தான் குழைவார். எனக்கு, "ஏட்டி, டீ போடு" மட்டும்தான். அப்போதெல்லாம் வயிறு எரியும்.

ராஜாவுக்கு உப்பும் காரமும் இல்லாமல், ஆட்டெலும்புச் சாற்றில் சோறு தனியாக ஆக்கவேண்டும். எலி வாய்வைக்காமலிருக்க, அதை அவருடைய பழைய சாப்பாட்டு டப்பாவில் மூடிவைப்பேன். ஒருநாள் ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் டப்பாக்காரர் வாசலில், "ஜல்தி, பாபி!" என்று இந்தியில் அண்ணி முறை வைத்து அவசரப்படுத்தினார். கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். மதியம் ராஜாவுக்கு வைக்கலாமென்று திறந்தால் மீன்குழம்பும் சோறும்! நாய்ச் சோறு ஆபீஸுக்குப் போய்விட்டதே!

மாலையில் ஏச்சு வாங்கத் தயாராக அடுப்பருகே நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே நுழைந்தார்.

"இன்னைக்குத்தாம்ட்டி வாய்க்கு ருசியா ஆக்கியிருக்க. உப்புதான் கொஞ்சம் கம்மி. பக்கத்து சீட்டுக்காரன் பாதிய வாங்கித் தின்னுட்டாம்லா!"

கல்யாணமாகி முதல் பாராட்டு. அதுவும் நாய்க்கு ஆக்கியதற்கு! டீயை ஆற்றி நீட்டினேன். அவரோ குனிந்து ராஜாவின் தலையைத் தடவி, "எய்யா, உனக்கும் அதுல கொஞ்சம் வச்சாளா?" என்றார்.

இப்போது ஒரே பானையில்தான் ஆக்குகிறேன். ராஜாவின் பங்கை எடுத்துவிட்டு, மீதியில் உப்புப் போடுகிறேன். அவர் டப்பா தினமும் வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வருகிறது. "சாப்ட்டியா?" என்று கேட்பது மட்டும் இன்னும் ராஜாவைத்தான்.