கைநழுவிய நட்டஈடு

சென்ற மாரியில், திருகோணமலைச் சந்தையருகே ஒரு பலசரக்குக் கடையில், சிந்திக் கிடந்த தேங்காயெண்ணெயில் வழுக்கி விழுந்தேன். கடை நிறையச் சனம். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"ஐயா, அடிகிடி பட்டிட்டுதோ?" என்று முதலாளி பதறி ஓடிவந்தார்.

வெட்கத்தில் துள்ளி எழுந்தேன். "ஒண்டுமில்லை முதலாளி, சும்மா ஒருக்கா நிலத்திலை இருந்து பார்த்தனான்!" அவர் உடைத்துத் தந்த சோடாவையும் சிரித்தபடி குடித்தேன்.

வீடு சேர்வதற்குள் வலது மணிக்கட்டு பூசணிக்காயாக வீங்கிவிட்டது. எலும்பு முறிவு. நான் சீனன்குடாவில் நாட்சம்பளக் கிளாக்கர், எழுதாவிட்டால் சம்பளமில்லை. நட்டஈடு கேட்கலாமென்று ஒரு சட்டத்தரணியிடம் போனேன்.

"நீங்கள் விழுந்ததை ஆரும் கண்டவையோ?"

"ஓம், கடை முழுக்கக் கண்டது."

"எழும்பி என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவர் பேனையை மூடினார். "அப்ப அவ்வளவு பேரும் முதலாளியின்ர சாட்சிகள். விழுந்ததிலை பிழையில்லை ஐயா. எழும்பின விதத்திலைதான் வழக்குப் போச்சுது."

கை குணமாகும்வரை மனைவிதான் சோறூட்டினாள், கவளத்துக்கு ஒரு குத்தலோடு.

இப்போதெல்லாம் விழுந்தால் நான் அவசரப்பட்டு எழும்புவதில்லை. போன கிழமை தபாற்கந்தோரில் சறுக்கியபோது, படுத்தபடியே "ஐயோ, நோகுது!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். நாலைந்து பேர் ஓடிவந்து, எங்கே நோகிறதென்று கேட்டார்கள். அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன்.