பகலில் எரிந்த விளக்கு

ஜூன் மாதத்தில் எங்கள் தெரு முழுக்க வெட்டிய இலைகளின் பச்சை வாடை அடிக்கும். சனிக்கிழமை காலையானால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆளுயரச் செடிவேலியை இயந்திரக் கத்தரியால் நறுக்கி நேராக்குவார், அந்த இரைச்சல் ஓய்ந்ததும் ஊரே வேலிகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். வடக்கே ஓகூஸ், தெற்கே ஹொர்சென்ஸ், இரண்டுக்கும் நடுவே ஏரியும் காடும் பெரிய வீடுகளுமாக இருந்த வசதியான டேனிஷ் ஊர் அது. காலையில் கார்கள் இரு நகரங்களுக்குமாகப் பிரிந்து போகும், மாலையில் திரும்பிவந்து கதவடைத்துக்கொள்ளும். நல்ல பள்ளிக்கூடம் என்று கேள்விப்பட்டு, ஓகூஸில் ஒரு கிடங்கில் வேலைசெய்த அப்பா அங்கே சிறிய வாடகை வீடொன்று எடுத்தார். அந்தத் தெருவில் தமிழர் நாங்கள் மட்டும்தான்.

பக்கத்து வீட்டில் பவுல் என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளர், மனைவியை இழந்தவர், தனியே இருந்தார். என்னைக் கண்டால் கையை உயர்த்துவார். அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்குப் பத்து வயது. நவம்பரில் ஒரு திங்கட்கிழமை பள்ளி விட்டு வரும்போது அவருடைய குசினியில், அந்தச் சமையலறை யன்னலில், விளக்கு பகலில் எரிவதைக் கண்டேன். செவ்வாயும் எரிந்தது. தபால் பெட்டியில் தாள்கள் பிதுங்கி நின்றன. புதன்கிழமை அப்பாவிடம் சொன்னேன்.

"பவுலின்ரை வீட்டிலை லைற் நூர்க்கவேயில்லை அப்பா, பகலிலையும் எரியுது. ஒருக்காப் போய்ப் பாப்பமே?"

அப்பா யன்னலால் எட்டிப் பார்த்தார். "வேண்டாம் பிள்ளை. இஞ்சத்தை ஆக்கள், முன்கூட்டிக் கேக்காமல் ஒருத்தர் வாறதை விரும்பாயினம். எங்களைப் பிழையா நினைப்பினம்."

"ஓம், அவரின்ரை பிள்ளையள் வருவினம்தானே," என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை பொலிஸ் வந்தது. தபால்காரர் அறிவித்திருந்தார். பவுல் குசினியில் விழுந்து, இடுப்பு முறிந்து, எழ முடியாமலே கிடந்து இறந்துபோனார். வியாழன் வரை உயிர் இருந்திருக்கலாம் என்று பொலிஸ்காரர் வெறும் தகவலாகத்தான் சொன்னார். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவுமில்லை.

அதன்பிறகு அப்பா ஞாயிறுதோறும், எதிர்வீட்டில் தனியே இருந்த மூதாட்டியின் அழைப்புமணியை அடிக்கத் தொடங்கினார். மூதாட்டி கதவை ஒரு சாண் திறந்து, எல்லாம் நலம், நன்றி என்று டேனிஷில் சொல்லி மூடிவிடுவார். நான்காவது ஞாயிறு, தயவுசெய்து மணி அடிக்க வேண்டாம் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்பா வாசித்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த கோடையில் ஓகூஸில் அடுக்குமாடி வீடொன்றுக்கு மாறினோம்.

சென்ற மாதம் வேலையாக அந்த வழியே போனேன். பவுலின் வீட்டை இடித்துவிட்டுக் கறுப்புச் செங்கல்லில் பெரிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். நாங்கள் இருந்த வீடும் இல்லை. அந்தப் புது வீட்டு வாசலில் நின்ற இளம்பெண் யாரைத் தேடுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். ஒருவரையும் இல்லை என்றேன்.

மாலையில் அப்பாவிடம் சொன்னேன்.

"அந்தப் புதன் பின்னேரம், உங்கள் ஒருத்தருக்கும் சொல்லாமல், நான் அவரின்ரை கதவடி மட்டும் போனனான் பிள்ளை," என்றார். "உள்ளுக்கை சத்தம் கேட்டது. டீவி எண்டு நினைச்சுக்கொண்டு திரும்பி வந்திட்டன்."