மதினி வாசித்த சரித்திரம்

பிறவியிலேயே எனக்குக் கண் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. சரித்திரம் படித்தேன். புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். பிரெயிலில் ஒன்றுகூடக் கிடையாது. சாயங்காலம் சமையலை முடித்துவிட்டு என் அண்ணன் மனைவி, மதினிதான் வாசித்துக் காட்டுவார். பி.ஏ. படித்தவர். ஆங்கிலத்தைப் பார்த்து மடமடவென்று தமிழில் சொல்லிக்கொண்டே போவார்.

பக்கம் புரளும் சத்தத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சில பக்கங்கள் சொல்ல ஆரம்பித்ததுமே புரண்டுவிடும். சில பக்கங்களில் வெகுநேரம் நிற்பார். ஒருநாள் வேண்டுமென்றே முந்தின நாள் வாசித்த பக்கத்தையே மறுபடி கேட்டேன். அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"ஏன் மதினி, நேத்து இப்படிச் சொல்லலையே?"

"ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. பரீட்சைக்குப் போதும்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. என்னால் சரிபார்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்தானே?

அந்தச் சமயத்தில் கல்லூரி நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்தது. ஸ்கேனரில் பக்கத்தை வைத்தால் ஆங்கிலத்தை அதுவே வாசிக்கும். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், மதினி வாசித்த புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டிப் போனேன். பஞ்சத்தைப் பற்றிய அத்தியாயத்தை வைக்கச் சொல்லி நூலகரிடம் கேட்டேன். மூக்கடைத்த குரலில் அது வாசித்தது. வரி பாக்கி, மழைக் கணக்கு, கலெக்டரின் உத்தரவுகள். பெண்கள் புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் கஞ்சி காய்ச்சியதை மதினி அவ்வளவு விவரமாகச் சொல்லியிருந்தார். கடைசிவரை கேட்டேன். அது வரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களை வாசலில் நின்று கேட்டேன்.

"புளியங்கொட்டைக் கஞ்சி புஸ்தகத்துல இல்லையே மதினி?"

கரண்டிச் சத்தம் நின்றது. "ஆரு சொன்னா?"

"காலேஜ்ல மெஷின் வாசிச்சுது."

"அப்போ என்னைய சோதிச்சுப் பாத்திருக்கே."

"ஆமா."

"இல்லதான். எவன் எவ்வளவு வரி கட்டலன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கான். வீட்டுல என்னத்தத் தின்னாங்கன்னு ஒரு வரி கெடையாது. ஆழ்வார்திருநகரியில எங்க அம்மா வீட்டுல சொல்லிக் கேட்டத நாஞ் சேத்தேன்."

"என்னென்ன விட்டிய?"

"அலுப்புத் தட்டுனத விட்டேன். இனிமே அந்த மெஷின்கிட்டயே கேட்டுக்கோ."

சொன்னபடியே வாசிப்பதை நிறுத்திவிட்டார். நான் நூலகமே கதி என்று கிடந்தேன். மெஷின் எதையும் சேர்க்காது, விடாது என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் வாக்கியம் ஒன்று பாதியில் அறுந்து, வேறொன்றின் நடுவில் தொடங்கியது. நூலகரைக் கேட்டேன்.

"பக்கத்தைக் கோணலா வச்சிட்டேன் போல. ரெண்டு வரி போயிருக்கும்."

"இதுக்கு முன்னாலயும் இப்படிப் போயிருக்குமா சார்?"

"அத யாரு கண்டா தம்பி?"

இன்னொரு புத்தகத்தைக் கேட்டபோது, "அது ஒங்களுக்கு வேண்டாம், பாடத்துல வராது" என்று ஸ்கேனரை மூடிவிட்டார். எதை வைப்பது என்பதும் இன்னொருவர் கையில்தான் இருந்தது.

அன்றைக்கு மதினியிடம் போய், மறுபடி வாசிக்க முடியுமா என்று கேட்டேன்.

"நாஞ் சேத்தா?"

"சேத்துக்கோங்க. ஆனா சேக்கும்போது சொல்லிருங்க."

மறுநாளிலிருந்து வாசித்தார். சொந்தமாக ஏதாவது சொன்னால் உடனே, "இது என்னோடது" என்பார். மெஷினில் கேட்டதை அவரிடமும், அவர் சொன்னதை மெஷினிலும் ஒத்துப் பார்த்தே முதல் வருஷப் பரீட்சை எழுதினேன். முதல் வகுப்பில் தேறினேன்.

இரண்டாம் வருஷம் போகப் போக, "இது என்னோடது" என்பது குறைந்துகொண்டே வந்தது. மெஷினும் வரிகளை விடும் என்பதால், சேர்ப்பதை விட்டுவிட்டாரா, சொல்வதை விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் நான் முழுதாக நம்பியதில்லை.